மூன்று கான் ஹைப்போ

ஸ்ரான்லி வீதியில் ஸ்ரூடியோவை உடைத்து
ஃபோன் கடை போடுகிறார்கள்.
இருட்டறைத் தொட்டிக்குக் கீழே
மூன்று கான், இருபது லீற்றர் வீதம், மூடி இறுகி.
"ஆசிட்டோ என்னவோ மிஸ், மணக்குது.
கடலிலை ஊத்தட்டோ?"
சூசைதாசன் கேட்டார். வேண்டாம் என்றேன்.
பக்கத்தில் ஒன்று, காலடியில் இரண்டு,
திருநெல்வேலிவரை அழுகிய முட்டை நாற்றம்.
ஓட்டோக்காரர் நூறு ரூபா கூடக் கேட்டார்.
நியாயம்தான்.

என் துறையில் தாதுக்குத்தான் மரியாதை.
மலை வாய்த்த ஊர்க்காரர் தங்கள் கட்டுரைகளில்
"செழிப்பான படிவு" என்று எழுதுகிறார்கள்.
இங்கே தோண்டினால் சுண்ணாம்புக்கல்,
அதற்குக் கீழும் சுண்ணாம்புக்கல், பிறகு தண்ணீர்.
என் சுரங்கங்கள்
செத்த பற்றரி, உடைந்த ரீவி,
நகைக்கடை வாசல் கூட்டிய புழுதி,
இப்போது இது.

வேலை பெரிதில்லை.
சட்டி தேய்க்கும் இரும்புத் தும்பை உள்ளே விடவேண்டும்.
இரும்பு தான் கரைந்து
வெள்ளியை வெளியே தள்ளும்.
இரண்டு நாளில் தும்பைக் காணோம்,
அடியில் கரிச் சட்டி கழுவியதுபோல் ஒரு சேறு.
இதுதான் வெள்ளி என்றேன்.
குகராஜ் மரியாதைக்குத் தலையாட்டினான்.
போறாக்சும் சோடாவும் கலந்து
ஆயிரத்து நூறு பாகைக்கு ஏற்ற,
கரண்ட் போக,
திரும்ப ஏற்றி,
அச்சில் வார்த்துக் கசடைத் தட்டிய பிறகுதான்
"ஐயோ மிஸ்" என்றான்.
நூற்றுப் பதினெட்டு கிராம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை, கணக்குப் பார்த்தேன்.
படத்தாளில் வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி
தாளிலேயே தங்கிவிடும்:
தலைமயிர், மீசை, கண்மணி.
படாத இடத்தது ஹைப்போவில் கரைந்து போகும்:
நெற்றி, பல், வெள்ளைச் சட்டை.
நெகற்றிவ்வில் இது தலைகீழ்.
அங்கே நெற்றி தங்கும், மயிர் கரையும்.
இரண்டும் கழுவிய தண்ணீர் ஒரே கானுக்குள்.
கூட்டிப் பார்த்தால்
ஒரு முகத்தில் விடுபட்ட இடமே இல்லை.

பாஸ்போட் அளவுப் படம் ஒன்றுக்கு
ஒன்றரை மில்லிகிராம் என்று வைத்தால்
எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
அடையாள அட்டைக்கு, பாசுக்கு, சோதனைக்கு,
கனடா மாப்பிள்ளைக்கு.
அதே படம் பிறகு
மாலை போடுவதற்கென்று பெருப்பிக்கப்பட்டிருந்தால்
இன்னும் கொஞ்சம் வெள்ளி.
பவுடர் அப்பியவர்கள் கூடத் தந்திருப்பார்கள்.
நானும் பதினாறு வயதில் அந்த ஸ்ரூலில் இருந்தேன்.
சிரிக்காதேங்கோ என்றார்கள்.
என் பல் கணக்கில் இல்லை.

கட்டுரைக்கு இதெல்லாம் தேவையில்லை.
மீட்பு: தொண்ணூற்றாறு வீதம்.
மிச்சம் நாலு வீதத்துக்கு ஓர் அடிக்குறிப்பு,
"பாத்திரத்தில் ஒட்டியிருக்கலாம்."

சூசைதாசன் வந்தார். அன்றைய விலையைச் சொன்னேன்.
உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார்.
"மாமா நாப்பது வருசம் உந்தத் தண்ணிக்கை
கை விட்டுக்கொண்டு நிண்டவர்.
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
சாகேக்கையும் போகேல்லை."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, கஸ்தூரியார் வீதியில்
ஆர் ஏமாத்தாமல் எடுப்பினம் என்று கேட்டார்.
ஒரு கடையின் பெயர் சொன்னேன்.

வெள்ளி போய்விட்டது.
இரும்பு கரைந்த துருத் தண்ணீர்
அறுபது லீற்றர் இருக்கிறது.
நிலத்தில் ஊற்றினால் தெரியும்தானே,
இந்த ஊர்க் கிணறுகள்
கீழே ஒன்றுக்கொன்று கதைத்துக்கொள்பவை.
மாநகரசபையில் கேட்டேன்,
அதற்கென்று படிவம் ஒன்றும் இல்லையாம்.
என் மேசைக்குக் கீழே அதே மூன்று கான்.
திகதி எழுதி ஒட்டியிருக்கிறேன்:
கொட்ட வேண்டாம்.