கழிவு எடை

தடைக்காலத்தின் நாற்பதாம் நாள்.
தொண்டியில் படகுகள் கயிறோடு கயிறு உரசிக் கிடக்க
எங்கள் கிளையில் நகைக்கடன் மட்டும்
பாய் விரித்து ஓடுகிறது.
மேலாளர் அறைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு
மின்விசிறியை எட்டப் பார்க்கிறது.
வளர்ச்சி என்று தலைப்பு.

நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன்.
மண்டல அணிக்குக் கோல்கீப்பர்.
இடது முழங்கால் போனபின் நகைக்கடன் கவுண்டர்.
ரெண்டும் ஒண்ணுதான் என்பார் காசாளர் பெனடிக்ட்:
வர்றதைப் பிடி, உள்ளே வை, விட்டுறாதே.

ஞாயிறு மாலை உப்புத்தரையில் இறுதியாட்டம்,
எங்களுக்கும் ஜெட்டி அணிக்கும்.
கோப்பை, கம்பாலாவில் டயர் கடை நடத்தும் சீனி லெப்பை உபயம்.
அவர் தங்கை மகன் செல்போனை மூங்கிலில் கட்டித்
தூக்கிப் பிடிக்கிறான்.
“இங்கே மழை. மலைக்கு மலை பேங்குக் கட்டடம்.
அங்கே கிரவுண்டுல புல்லு வந்துச்சா?”
மேலாளர் மூங்கிலைப் பார்த்துக் கும்பிட்டு
வைப்புநிதிக்கு வட்டி விகிதம் சொல்கிறார்.

எதிரே பதினொரு பேர்.
ஒன்பது வீட்டு நகை எடை எனக்குத் தெரியும்.
வலது விங் ஓடி வந்தால்
இரண்டு வளையல், பதினாறு கிராம் ஓடி வருகிறது.
சவரிநாயகம் தலையால் முட்டுகிறார்;
மகளின் கொலுசோடு வந்தவரை
வெள்ளிக்குக் கடன் இல்லை என்று
திருப்பி அனுப்பியவன் நான்தான்.

கடைசி நிமிடம். ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் மேலே.
விசில். பெனால்டி.
பந்தை வைக்கக் குனிகிறான் கலந்தர்.

அவன் மனைவியின் கருகமணிச் சங்கிலி
பெட்டகத்தில், காக்கி உறையில், பதினான்கு மாதமாய்.
மொத்தம் இருபத்தொரு கிராம்.
மணிகளுக்கு மதிப்பில்லை,
ஏழு கிராம் கழிவு என்று எழுதியது என் கை.
ஏல அறிவிப்பில் ஒப்பமிட்டதும் அதே கை.
இப்போது அதற்கு உறை மாட்டியிருக்கிறேன்.

கச்சான் காற்று அவன் முதுகில்.
மணல் என் கண்ணில்.
ஒப்புகை அட்டையில் அவன் இடது கையால்
கையெழுத்துப் போட்டது ஞாபகம் வருகிறது.
வலதுகாலைப் பின்னிழுத்தாலும்
அது பொய்.
இடதுகாலன் இவன்.

சத்தியமாக
அந்த நொடியில் எனக்கு இரக்கம் எதுவும் வரவில்லை.
உடம்பு மட்டும் இருந்தது.
உடம்பு பாய்ந்தது.

விரல் நுனியில் தோல் பிய்ந்தது.
பந்து கம்பத்துக்கு வெளியே
கருவேலம் புதருக்குள்.
மூங்கில் மேலே கம்பாலா உறைந்து நின்று
“என்னாச்சு? என்னாச்சு?” என்றது.
யாரும் சொல்லவில்லை.

எழ முடியாமல் கிடந்தேன்.
அவன்தான் வந்து கை கொடுத்தான்.
“காலு பழைய அடியா சார்?”

திங்கட்கிழமை. டோக்கன் பதினேழு.
இரண்டாம் பரிசு பத்தாயிரம்,
பதினொரு பங்கில் ஒரு பங்கு:
தொள்ளாயிரத்து ஒன்பது ரூபாய்.
அந்த ஒன்பதையும் நாணயமாய் எண்ணி வைத்தான்.
“வட்டியில வரவு வையுங்க.”
வைத்தேன். ஏலம் தள்ளிப்போக
அது போதாது. அவனுக்கும் தெரியும்.

ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டான்:
“அதுல மணி எத்தனைன்னு
உங்க நோட்டுல இருக்கா சார்?
கோத்துத் தர்றப்போ அவ எண்ணுவா.”

எடை இருந்தது, தரம் இருந்தது,
கழிவு இருந்தது.
எண்ணிக்கைக்குக் கட்டமே இல்லை.

மதியம் பெட்டகம் திறந்தபோது
பெனடிக்டிடம் இரண்டாம் சாவி கேட்டேன்.
எதுக்கு என்றார்.
எண்ண ஆரம்பித்திருந்தேன்,
தோல் பிய்ந்த விரலால்,
ஒவ்வொன்றாய்.
நாற்பதில் தப்பி
மறுபடி முதலிலிருந்து.