பதினேழாம் செடி

நாகலூர்ச் சரிவில் மணி நாலரை.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
ஒரே ஒரு காப்பி இலை.
பிளேடால் காம்பைச் சாய்வாக நறுக்கி
எஃகு உருளைக்குள் தலைகீழாய்ச் செருகி
மூடியை இறுக்குகிறேன்.
வெட்டுவாய் மட்டும் வெளியே.

லூர்து வால்வைத் திறக்கிறான்.
செவ்வாய்ப்பேட்டையில் நிரப்பி,
பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் இறக்கிவிட,
கோழி வண்டியில் இருபது கொண்டை ஊசியும் ஏறிவந்த
நைட்ரஜன்.
முள் மெதுவாக நகர்கிறது.
லென்ஸில் கண்ணை வைத்துக் காத்திருக்கிறேன்.

எவ்வளவு அழுத்தினால்
வெட்டுவாயில் ஒரு துளி எட்டிப் பார்க்கிறதோ
அவ்வளவு தாகம்.
விடியுமுன்பே கேட்டுவிட வேண்டும்.
வெயில் ஏறினால் இலை வேறு கதை சொல்லும்.

நனைத்த வரிசை ஐந்து எண்ணுவதற்குள் கசிந்துவிடும்.
காய்ந்த வரிசை
(பிளாஸ்டிக் கூரையின் கீழே எழுபத்தோரு நாள்)
பிடிவாதக்காரி.
பகலில் அவள் இலையின் அடிப்புறத்தில்
பல்லாயிரம் வாய்களும் பத்து மணிக்கே சாத்திக்கொள்கின்றன.
மூடு என்று சொல்லி அனுப்பியது வேரா
இலையேதானா
என்று கட்டுரைகளில் இன்னும் சண்டை.

எனக்கு அலாரம் தேவையில்லை.
அம்மாபேட்டையில் எங்கள் தெருக் குழாய்
எட்டு நாளைக்கு ஒருமுறை
இந்த நேரத்தில்தான் இருமும்.
இப்போதும் அம்மா போன் செய்கிறாள்,
"வந்துருச்சுடி, ரெண்டு டிரம் ரொம்பிருச்சு."
நான் துளியைப் பார்த்தபடி
"ம்" என்கிறேன்.

மார்ச் கடைசியில்
வானிலைச் செய்தியை நம்பிக் கூரைத்தாளை உருவினோம்.
அன்றிரவே சில்வர் ஓக் கிளைகள் முறிய
ஆலங்கட்டியோடு இறங்கியது பூமழை.

ஒன்பதாம் நாள்
காய்ந்த வரிசை முழுக்க வெள்ளை.
கணுவுக்குக் கணு, இடைவெளியே இல்லாமல்.
தேனீக்களின் இரைச்சலில்
லூர்து சொன்னது காதில் விழவில்லை.
நனைத்த வரிசையிலோ
எண்ணி நாலு பூ.
தாகம் தெரியாத மொட்டுக்கு
மழை வந்ததும் தெரியவில்லை.

கைடு போட்டோ கேட்டார்.
அனுப்பினேன்.
கருத்தரங்கின் கடைசிப் பக்கத்துக்கு
"வாட்டமே பூக்கிறது" என்று ஒரு வரி எழுதித் தந்தார்.
கைதட்டு வாங்கும் வரிதான்.

பதினேழு பூக்கவில்லை.
அதே கூரை, அதே எழுபத்தோரு நாள்.
அதன் அடியில் மட்டும் பாறை மேலே வந்திருந்தது,
நடும்போது நாங்கள் பார்க்கவில்லை.
மொட்டுகள் மிளகாய்க் கருந்தோடுகள் போல
தொட்டதும் உதிர்ந்தன.

மறுநாள் நாலரைக்கு
அதன் கடைசி இலையை உருளைக்குள் வைத்தேன்.
முள் இருபதைத் தாண்டியது.
முப்பது.
நாற்பதில் லூர்து என்னைக் கேட்காமலே
வால்வை மூடினான்.
துளி வரவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டேன்.
அட்டவணையில் பதினேழுக்கு நேரே
கட்டம் காலியாக இருக்கிறது.
சுழியம் போடச் சொல்கிறது கணினி.
போட முடியாது.
எங்கள் கணக்கில் சுழியம் என்றால்
தாகமே இல்லை என்று அர்த்தம்.