கால் பிடிக்க ஒருத்தி

ஓடுவதற்கு ஆள் தேவையில்லை.
கொண்டவட்டுவான் குளக்கட்டில்
விடிய ஐந்துக்கு ஓடினால்
நானும் என் மூச்சும்தான்,
இடையிடையே யானை லத்தி.
கயிறு ஏறவும் தனியாள் போதும்.
மல்லாந்து கிடந்து எழும்புவதற்குத்தான்
கால் பிடிக்க ஒருத்தி வேண்டும்.

சார்ஜன் எங்களை உயரப்படி நிறுத்தி
சோடி சோடியாய்ப் பிரித்தார்.
சம்மாந்துறை ஷிபானாவுக்குத்
திருக்கோவில் கஜனி கிடைத்தாள்.
வந்த நாளிலிருந்தே இரண்டு பேரும்
ஒரே சரையில் மிக்சர் தின்பவர்கள்.
தம்பிலுவில் எனக்கு
உகணை உபேக்ஷா.
எங்களுக்குள் அதுவரை நடந்தது
தண்ணீர் என்ற ஒரு சொல்,
அதுவும் அவள் மொழியில்.

ஒரு நிமிடம். நாற்பது.
குறைந்தால் அடுத்த முகாமுக்குப் பெயர் போகாது.

கச்சான் காற்று
நெல் ஆலை உமியைக் கொண்டுவந்து
வேர்வையில் ஒட்டியது.
என் பூட்ஸின் மேல் குந்தினாள்.
மேசுக்கு மேலால் இரண்டு கை.
நகத்தடியில் களிமண்.
வயலில் இறங்குகிறவளாக்கும்.

(இந்த பூட்ஸை அம்மா
வீட்டுக்குள் விடுவதில்லை.
படலையில் சத்தம் கேட்டால்
அடுப்படியில் அவள் கை நின்றுவிடும்.
ஒழுங்கையிலேயே கழற்றித்
தூக்கிக்கொண்டு போவேன்.)

விசில்.
எக்காய், தெக்காய், துனாய் என்று
அவள் வாய் எண்ண
என் வயிறு தமிழில் எண்ணியது.
பதினேழு மட்டும் ஒன்றாய்ப் போனோம்.
மறுகா யாரோ உள்ளுக்குள்
ஈரச் சாக்கைப் பிழிந்தார்கள்.
முப்பத்தொன்றில் நாரி விட்டுப்போச்சு.
எழும்பும்போதெல்லாம் அவள் முகம்
அரைச் சாண் தூரத்தில்:
மூக்கில் ஒரு பரு,
என் மூச்சுப் பட்டு ஆடும் நெற்றி மயிர்.
முப்பத்தெட்டில் விசில்.

தமிழில் நான் பிழைவிடமாட்டேன்.
முப்பத்தெட்டுத்தான்.
சார்ஜன் பென்சிலோடு குனிய
அவள் "ஹத்தலிஹ" என்றாள்.
நாற்பது.
சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.
கையை எடுத்து உமியைத் தட்டினாள்.

மறுகா நான் பிடித்தேன்.
ஒல்லிக் கணுக்கால்,
பெருவிரலும் நடுவிரலும் முட்டின.
சார்ஜனுக்குத் தமிழ் வராது,
சிங்களத்தில் எண்ணினேன்.
முப்பது வரைக்கும் பள்ளியில் படித்தது.
அதற்கு மேல்
பஸ் மிச்சக்காசில் படித்தது.
முப்பத்தாறில் விசில்.

பென்சில் என் பக்கம் திரும்பியது.
நாற்பதுக்கான சொல்லை
அப்போதுதான் அவளே தந்திருந்தாள்,
சூடு ஆறாமல் நாக்கு நுனியில் கிடந்தது.
"திஸ் ஹய" என்றேன்.
முப்பத்தாறு.

இரவு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், ஏன்.
நேர்மை என்று சொல்ல வாய் வரவில்லை,
என் பெயருக்கு நேரே
நாற்பது நிற்கிறதே.
சார்ஜனும் எண்ணியிருப்பார் என்ற பயமா?
இல்லை, எங்கோ அடியில்
நான் தொடங்காத ஒரு பழைய கணக்கா?
ஷிபானா நித்திரையில் புரண்டு
யாரையோ ஏசினாள்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கு
மத்தியானம்தான் பஸ்.
காலைப் பயிற்சி எல்லோருக்கும்.
மல்லாந்து கிடந்தேன்.
கால் பிடிக்க அவளே வந்தாள்.
நேற்றையைவிட இறுக்கம்,
நோகிற அளவுக்கு.

நான் சத்தமாக எண்ணினேன், தமிழில்.
அவள் எண்ணவில்லை.
முப்பத்தெட்டில் விழுந்தேன்.
விசிலும் ஊதியாயிற்று.
அவள் கையை எடுக்கவில்லை.

முப்பத்தொன்பது.