தேத்தண்ணிக் கணக்கு

இரவு இரண்டே கால்.
சமையலறை மேசையில் காசு எண்ணுகிறேன்.
ரோல்ஸ் வந்த அலுமினியத் தட்டில் சில்லறை,
ஐந்து டொலர்த் தாள்களில் இன்னும் எண்ணெய் மணம்.
வெளியே ஸ்காபரோ
பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் வெளிச்சத்தைச்
சுவரில் ஒருமுறை சுற்றவிட்டுப் போகிறது.

மண்டப வாடகை போக,
ஒலிபெருக்கிக்கு யூட் பாதிதான் வாங்கினான், அது போக,
கீபோர்ட் பெடியனின் பெற்றோல் காசும் போக
மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
மறுபடி எண்ணினால் நூற்றுப் பதின்மூன்று.
மூன்றாம் முறை எண்ணத் துணிவில்லை.

போஸ்டர் அடிக்கும்போதே தொடங்கியது.
வீடு விற்கும் குணாளன் ஐந்நூறு தருவதாகச் சொல்லி
படத்தைப் பெரிதாக்கச் சொன்னார், தன் படத்தை.
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"மனநலம் எண்ட சொல்லை எடுத்துப்போட்டு
இதயநலம் எண்டு போடுங்கோவன்.
இதயம் எண்டால் சனம் வரும்,
வீட்டுக்கு ஒரு ஸ்டென்ட் கிடக்கு."
நாங்கள் எடுக்கவில்லை.
அவர் ஐந்நூறை இருநூறாக்கினார்.
ஆனாலும் வந்தார், முன்வரிசையில் இருந்தார்,
தாளம் பிசகப் பிசகத் தொடையில் தட்டினார்.

நுழைவு மேசையில் நான்.
டிக்கெட் வாங்கிய எல்லோரும்
கேளாமலே சொன்னார்கள்:
"எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை,
சும்மா பாட்டுக் கேட்க வந்தனாங்கள்."
போன வருடம் நான்கு டிக்கெட் வாங்கிய ஒரு பெண்
இம்முறை மூன்று வாங்கினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மீதிக் காசையும் கேட்கவில்லை.

தொலைபேசி உதவிச் சேவை பற்றி நிரோஜா பேச
இரண்டு நிமிடம் ஒதுக்குவோம்.
போன வருடம் அந்த இரண்டு நிமிடத்தில்
மண்டபமே எழுந்து ரோல்ஸ் வாங்கப் போனது.
இந்த முறை தந்திரம்:
அதிர்ஷ்டச் சீட்டுக் குலுக்கலுக்குச் சற்று முன்.
முதல் பரிசு அரிசிக் குக்கர். ஒருவரும் அசையவில்லை.
சீட்டைக் கையில் பிடித்தபடி
ஒரு நம்பருக்காகக் காத்திருந்தவர்களிடம்
அவள் இன்னொரு நம்பரைச் சொன்னாள்,
மெதுவாக, இரண்டு தரம்.
பின்வரிசையில் யாரோ
பக்கத்து ஆளிடம் பேனை கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மைக் செத்தது.
பாதிச் சரணத்தில் அகல்யாவின் வாய் மட்டும் அசைந்தது.
யூட் வயர்களுக்குள் தலையை விட்டிருந்தான்.
மிருதங்கம் நிற்கவில்லை.
சனம் மீதிப் பாட்டைத் தானே எடுத்துக்கொண்டது,
மூன்று விதமான சுருதியில், சொற்களை விழுங்கி.
மைக் திரும்பி வந்தபோது
விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனம் இல்லை.

இப்போது, உண்டியலின் அடியில் ஒரு உறை.
பெயரில்லை. நாலாக மடித்த இருபது டொலர்.
கடைப் பில்லின் பின்புறம் நீல மையில்:
"போன மார்ச் அந்த நம்பருக்கு அடிச்சனான்.
எனக்குக் கதை வரேல்லை.
எடுத்த பிள்ளை கனநேரம் சும்மா லைனில நிண்டது.
அதுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ."

எடுத்தவர் யாரென்று அங்கே எழுதிவைப்பதில்லை.
அடித்தவர் யாரென்றும்.
நன்கொடை என்று பதிந்தால் பொய்.
என் புத்தகத்தில் வரவு இருக்கிறது, செலவு இருக்கிறது,
லைனில் நிற்பதற்கு ஒரு பத்தி இல்லை.

செவ்வாய் இரவு ஃபிளாஸ்க்கோடு போகலாம்.
இஞ்சி தட்டிப் போட்டு, இரவுக் கடமையில் உள்ள
ஏழு பேருக்கும் ஊற்றலாம்.
மார்ச்சில் இருந்தவர்களில் பாதிப்பேர்
மாறிவிட்டார்கள் என்பாள் நிரோஜா.
பரவாயில்லை.
தேயிலையும் பால்மாவும் போக
பதினொரு டொலர் மிஞ்சும்.
அடுத்த செவ்வாய்க்கும் காணும்.

எழும்பிக் கேத்திலைப் போடுகிறேன்.
இது எனக்கு.
இந்தத் தேத்தண்ணி அந்த இருபதில் சேராது.