ஐந்தாவது முத்து

ஏழு மாதத்து ஜெரூஷாவுக்கு
ஒரு சிட்டிகை முடி.
அந்தச் சிட்டிகைக்கு இதுவரை வந்து சேர்ந்தவை
மூன்று ஹேர்பேண்ட், ஆறு கிளிப்,
வாத்து ஒட்டிய ரப்பர்பேண்டு ஒரு ஜோடி,
ஞானஸ்நானத்துக்கென்று நாத்தனார் பிளெஸ்ஸி
பாண்டி பஜாரில் பேரம் பேசி வாங்கிய
வெள்ளை சாட்டின் பூ.
பூ அவள் முகத்தைவிடப் பெரியது.

ஞாயிறு, பெரம்பூர் கோயிலில்
கரண்ட் போயிருந்தது.
பாஸ்டர் தண்ணீரை அள்ளும்போது
பேண்ட் வழுக்கிக் கண்ணுக்கு வந்தது.
சபை சிரித்தது. நானும்தான்.
மறுபடி வழுக்கி மூக்கை மூடியபோது
முதலில் சிரிப்பை நிறுத்தியது யாரென்று
நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கழற்றினேன்.
நெற்றியைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு,
இறுக்கமான சாக்ஸ் கழற்றிய காலில் இருக்குமே, அப்படி.
அதற்கு மேலே உச்சிக்குழி
துடித்துக்கொண்டிருந்தது.
இன்னும் பூட்டு வைக்காத வீடு,
உள்ளே யாரோ நடமாடுகிறார்கள்.

"போட்டோவுல அழகாத்தானே இருக்கா" என்றான் ஜோயல்.
இருந்தாள்.
அதுதான் தொல்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு
தொட்டில் துணியை உதறினேன்.
கிளிப் ஒன்று விழுந்தது.
எண்ணினேன்.
முத்து நான்கு.
வரிசையின் கடைசியில்
காய்ந்த பசை, ஒரு பொட்டு.

கட்டிலை நகர்த்தினோம்.
பீரோவுக்கடியில் ஜோயல் டார்ச் அடித்தான்.
கிடைத்தன: ஒரு கடலைப்பருப்பு,
என் நைட்டியின் பட்டன்,
போன வருஷத்து கேஸ் ரசீது.
வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதே,
இருந்தால் உள்ளே போய்விடும் என்று
யாரோ சொன்னது ஞாபகம் வந்து
விரலை மடக்கிக்கொண்டேன்.
வெளிச்சத்தை மட்டும் காட்டினேன்.
இரண்டு பல் முளைகளும் தெரியச் சிரித்தாள்,
புது விளையாட்டு என்று.

ஆட்டோக்காரர் வாடகை பேசவில்லை.
"கொயந்தையா?" என்றார், அவ்வளவுதான்.
புரசைவாக்கத்து சிக்னல்கள்
மஞ்சளில் கண்ணடித்துக்கொண்டிருந்தன.
எழும்பூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர்
மார்பின் இரு பக்கமும், முதுகிலும்
நெடுநேரம் காது வைத்தார்.
"பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில தெரியாதும்மா.
மூச்சு நல்லாப் போகுது.
இருமினா, மூச்சு இழுத்தா ஓடி வாங்க.
ரெண்டு நாள் டயப்பரைப் பாருங்க."
மேசைமேல் ஒரு மருந்து பாட்டிலில்
திருகாணி, புளியங்கொட்டை, பொம்மையின் கண்.
எங்கிருந்து எடுத்தவை என்று
நான் கேட்கவில்லை.

இரண்டு நாளும் பார்த்தேன்,
நகைக்கடைத் தெருவில் சாக்கடை மண்ணை
அரிப்பவர்களைப் போல.
இல்லை.

புதன்கிழமை, ஆபீஸ் போகும் மின்சார ரயிலில்
தோளில் அட்டைகள் தொங்க அந்தப் பெண் ஏறினாள்.
"எது எடுத்தாலும் இருபது."
அதே கிளிப்.
அட்டையை வாங்கி ஒவ்வொன்றையும்
நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
ஐந்து, ஐந்து, ஐந்து.
மூன்றாவது வரிசையில் ஒன்றில் நான்கு.
பசைப் பொட்டு.
"அது அப்பிடித்தான் வரும்க்கா.
ஒண்ணு ரெண்டு வழியிலயே உதிர்ந்துடும்."
சுருக்குப்பையிலிருந்து ஒரு முத்தை எடுத்து நீட்டினாள்.
"ஒட்டிக்கிறியா?"

உள்ளங்கையில் இருப்பதே தெரியவில்லை.
வியாசர்பாடி ஜீவா போயிற்று. பேசின் பிரிட்ஜ் போயிற்று.
எங்கள் கிளிப்பும் நான்கோடுதான் வந்ததா?
வாங்கும்போது யார் எண்ணினோம்?
பூவைப் பார்த்தோம், நிறத்தைப் பார்த்தோம்,
கவுனுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம்.

அந்த முத்தை டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன்.
வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை,
ஆபீஸ் குப்பைத்தொட்டியில், காகிதத்தில் மடித்து.

இப்போது வெறுந்தலையோடுதான் இருக்கிறாள்.
சிட்டிகை முடி வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது,
ஊதினால் எழுந்து நிற்கிறது.
"பொண்ணா பையனான்னே தெரியல" என்கிறாள் பிளெஸ்ஸி.
தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

காலையில் பெருக்கும்போது மட்டும்
ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.
துடைப்பத்துக்கு முன்னால்
ஏதாவது உருளுகிற சத்தம் வருகிறதா என்று
கேட்டுக்கொண்டே பெருக்குகிறேன்.