கூடுதல் நேரம்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ஆற்றுக்கு மேலே ஆவி எழுந்து
போக இடம் தெரியாமல் நிற்கிறது.
உள்ளே, இரண்டாம் எண் பம்பின் முதுகில்
நீளமான ஸ்க்ரூடிரைவரை ஊன்றி
கைப்பிடியில் காதெலும்பை வைக்கிறேன்.
அதிர்வு அளக்கும் கருவி ஒன்று உண்டு,
என் வண்டியைவிட விலை. அது எண் சொல்லும்.
இரும்பு சொல்வது வேறு:
சோற்றில் கல் கடிபட்டதை
விருந்து வீட்டில் வெளிக்காட்டாமல்
மெல்லுகிறவனின் தாடை.

"பேரிங்" என்றேன் ரேடியோவில்.
"எவ்வளவு நேரம் தாங்கும்?"
கட்டுப்பாட்டு அறையிலிருந்து டெல்மா.
"நீ கேட்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சம்."

ஒன்றாம் எண் ஏற்கெனவே பிரித்துக் கிடக்கிறது.
அதன் இம்பெல்லர் எட்மண்டனில்
யாருடைய மேசையிலோ
கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
மூன்றாம் எண் ஒண்டியாக ஊரைச் சுமக்கும்,
ஊர் ஒரே நேரத்தில் எழுந்து போகாதவரை.
இன்றைக்கு எழும். ஹாக்கி,
அதுவும் பக்கத்து ஊர்க்காரனோடு.
பன்னிரண்டாயிரம் வீடுகளில் அடக்கிவைத்த மூத்திரம்
இடைவேளை மணிக்குக் காத்திருக்கிறது.

முதல் இடைவேளை:
அழுத்தம் நாலு பவுண்டு இறங்கியது.
அதற்குள் நானும் ஐசக் மூஸ்வாவும்
மேல்மூடியைச் சங்கிலியில் தூக்கியிருந்தோம்.
இரண்டாவது: ஏழு.
மேட்டுத்தெரு ஆஸ்பத்திரியில் நாலாவது மாடிக்கு
நூலாக வருகிறது என்று போன் வந்தது.
ஆட்டம் முடிந்தால் எல்லோரும் போவார்கள்,
இரண்டு முறை அடக்கியவர்களும்.

புதுப் பேரிங்கை நூற்றுப்பத்து டிகிரிக்குச் சூடாக்கி
தோல் கையுறையில் ஏந்தி
ஷாஃப்ட்டில் ஒரே தள்ளு.
பாதியில் தயங்கினால் பாதியிலேயே குளிர்ந்து
பிடித்துக்கொள்ளும்.
தயங்கவில்லை. உட்கார்ந்தது.
இருபத்தாறு வருஷத்தில் என் உடம்பு கற்றது
இந்த ஒரு நொடிதான் என்று சில சமயம் தோன்றும்.

பிறகுதான் மோட்டாரின் பின்கால் போல்ட்டைத் தளர்த்தினேன்.
அடியிலிருந்து ஒரு தகடு நழுவி
ஐசக்கின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது.
பியர் டப்பாவை வெட்டிய தகடு.
மார்க்கரில் எழுத்து, கிரீஸ் காப்பாற்றி வைத்த எழுத்து:
"தற்காலிகம். திங்கள் மாற்றவும். ர."
கீழே தேதி.

ஒன்பது வருஷத்துத் திங்கட்கிழமைகள்.

அந்த 'ர' நான்தான். ரொவீனா.
அந்த வாரம் என்ன நடந்தது என்று
யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் சாகவில்லை, யாரும் விட்டுப் போகவில்லை.
மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.
ஒரு முடியின் பருமனுக்குச் சாய்ந்து நின்ற மோட்டார்
சாய்ந்தபடியே சுற்றிச் சுற்றி
பேரிங்கைத் தின்றிருக்கிறது, நிதானமாக.

ஐசக் தகட்டைப் படித்தான்.
பிறகு ரொம்ப நேரம்
கூரையில் ஓடும் குளோரின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் ஏதோ புதிதாக இருப்பதுபோல்.

ரேடியோ கரகரத்தது.
"சமநிலை! கூடுதல் நேரம் போகிறது!"
டெல்மா கத்தினாள்.
ஹாக்கியை எனக்குப் பிடிக்காது.
அன்று இரண்டு அணியின் கோல்காரர்களும்
நீடூழி வாழ வேண்டினேன்.
ஊரே தொடையை இறுக்கிக்கொண்டு
எனக்குப் பதினெட்டு நிமிஷம் தந்தது.
சரியான தகடு வைத்தேன், எஃகு.
டயல் முள் அசையாதவரை
கப்ளிங்கைக் கையால் சுற்றினேன்.
வால்வைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

மறுபடி ஸ்க்ரூடிரைவர், மறுபடி காது.
பட்டை எண்ணெயில் நழுவுவதுபோல் ஓடியது.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம் சின்னது.
"பழைய தேய்மானம்" கச்சிதமாகப் பொருந்தும்.
ஐசக் கை கழுவப் போனான், வேண்டுமென்றே.
என் பெயரை எழுதி
தகட்டை அந்தப் பக்கத்தில் கிளிப் போட்டேன்.

அப்போது அழுத்தமானியில் முள் விழுந்தது.
தடாலென்று, ஒரேயடியாக, மூன்று பவுண்டு.
அங்கேயே நின்றது.
வென்றிருந்தால்
கொஞ்சம் கத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

"தோற்றுவிட்டோமா?" என்றேன் ரேடியோவில்.
"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டெல்மா.