சாதாரண நிகழ்காலம்

குகையில், மருந்துக் கடைக்கு மேல் மாடி.
ஞாயிறு மாலை, ஆறு பேர்.
கற்றுத்தர யாருமில்லை.
ஒரு கரும்பலகை, ஒரு பிஸ்கட் டப்பா,
டப்பாவுக்குள் மடித்துப் போட்ட உலகப் பிரச்சினைகள்.
தமிழில் ஒரு சொல் வந்தால் ஐந்து ரூபாய்.
அதற்கென்று ஓர் ஊறுகாய் பாட்டில், கழுவியும் வாசம் போகாதது.

போன வாரம் பசி வந்தது.
கொலுசுக்கு முத்து வைக்கிற தீர்த்தகிரி
ஆப்பிரிக்காவைப் பற்றிப் பன்னிரண்டு வாக்கியம் பேசிவிட்டு
பதின்மூன்றாவதில் 'பட்டினி' என்று சொல்லி
ஐந்து ரூபாய் போட்டான்.
அதற்கு முந்தின வாரம் வேலையில்லாத் திண்டாட்டம்.
அன்றைக்கு எல்லோருமே நன்றாகப் பேசினோம்.

மாடி வாடகையில் என் பங்கை முதலாளி கட்டுகிறார்.
செவ்வாய்க்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் சாயப்பட்டறைக்கு வருகிறார்கள்.
சுத்திகரிப்புத் தொட்டியைக் காட்டி
நான் சொல்லவேண்டியதை அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்,
தமிழ் எழுத்தில்:
வீ ட்ரீட் எவ்ரி டிராப்.
நோ டிஸ்சார்ஜ், சார்.

அதைப் படித்துக் காட்டியபோது ஆரோக்கியதாஸ் சிரித்தார்.
அயர்லாந்துக்குப் போகக் காத்திருக்கும் நர்ஸ்.
'எங்க வார்டுல டிஸ்சார்ஜ்னா
சொந்தக்காரங்க ஸ்வீட் வாங்கிட்டு வருவாங்க.'
வார்டு, டிஸ்சார்ஜ், ஸ்வீட் இலவசம்.
மிச்சத்துக்கு இருபது ரூபாய்.

இன்று என் கைக்கு வந்த சீட்டு, தண்ணீர் மாசு.

எழுந்து நின்றேன். இன் மை ஒப்பீனியன்,
தி ரிவர் இஸ் பொல்யூட்டட்.
செயப்பாட்டு வினை நல்ல வினை.
அதில் ஆறு கெடுக்கப்படுகிறது,
மீன் சாகடிக்கப்படுகிறது,
கிணற்றின் நிறம் மாற்றப்படுகிறது.
செத்ததையெல்லாம் முன்னால் உட்காரவைத்துவிட்டு
செய்தவன் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போய்விடலாம்.
அப்படி எட்டு வாக்கியம்.
ஒன்றில்கூட ஆளில்லை.

தில்ஷாத் கேட்டாள்: பை ஹூம்?

ஆளுக்கொரு கேள்வி கேட்டாகவேண்டும், அது விதி.
அவள் குரலில் வேறெதுவும் இல்லை.
பை இண்டஸ்ட்ரீஸ், என்றேன்.
விச் இண்டஸ்ட்ரீஸ்?
கரும்பலகையில் போன வாரக் கேள்விச் சொற்கள்
அழிக்காமல் கிடந்தன. வாட், வென், வேர், ஹூ.
கீழே யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்.

ஐ ஓப்பன் தி வால்வ், என்றேன்.
டூ ஓ கிளாக். நைட்.

தமிழில் இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.
இங்கிலீஷில் அது
இலக்கணப் புத்தகத்தின் எடுத்துக்காட்டு மாதிரி வந்தது,
ராமா கோஸ் டு ஸ்கூல் என்பதுபோல்.

தீர்த்தகிரிதான் வாயைத் திறந்தான். திருத்துவது இன்று அவன் முறை.
'ஓப்பன்டு, அண்ணா. பாஸ்ட் டென்ஸ்.'
இல்லப்பா, என்றேன்.
ஓப்பன்தான். சிம்பிள் பிரசன்ட்.
தினமும் செய்யற வேலைக்கு அதுதான் வரும்.

யாரும் பாட்டிலை நகர்த்தவில்லை.
நானே போய் ஐம்பது ரூபாய்த் தாளைப் போட்டேன்.
மீதி கேட்கவில்லை.

தில்ஷாத்துக்கு உத்தமசோழபுரம், ஆற்றங்கரை.
முதல் நாளே சொல்லியிருக்கிறாள், அறிமுகத்தில்,
மை ஹவுஸ் இஸ் நியர் தி ரிவர் என்று.
உச்சரிப்பு நன்றாக இருக்கிறதென்று நான்தான் கைதட்டினேன்.
இன்று நோட்டில் ஏதோ எழுதினாள்.
என் வாக்கியமாக இருக்கலாம். புதுச் சொல்லாகவும் இருக்கலாம்.
வால்வ்.

அடுத்த சீட்டு சுற்றுலா, நன்மை தீமைகள்.
ஏற்காட்டுப் படகுத் துறையைப் பற்றி
ஆரோக்கியதாஸ் உற்சாகமாக ஆரம்பித்தார்.
எனக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது.
ஹவ் மெனி போட்ஸ், என்று கேட்டேன்.

திரும்புகையில் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் பஸ் நின்றது.
தெருவிளக்கில் தண்ணீர் தெரிந்தது.
பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு
'என்ன கலருங்க இது' என்றார்.
கிளிப்பச்சை. நேற்றைய லோடு.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
சட்டைப் பையில் அட்டை இருந்தது.
உதடு மட்டும் அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
வீ, வீ ட்ரீட்,
கைக்கடிகாரத்தில் ஒன்பதரை.
இரண்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.